வேலியில் நிற்கும் கிடியோன்

எபிரோன், டெக்சாஸ்
செப்டம்பர் 1974

அன்பு மகன் ஏசெலுக்கு,

உன் அப்பாவின் தாத்தா கிடியோன் பிக்கன்ஸின் கல்லறைக் கம்பைப் பண்ணைக்காரன் ஸ்ட்ரூத்தர் பிடுங்கித் தன் மாட்டு வேலிக்கு நட்டுவிட்டான். நான் இருக்கிறேன், முழங்கால்தான் சொன்ன பேச்சு கேட்பதில்லை. நீயும் மருமகளும் அந்த ஓக்லண்ட் மூடுபனியில் சுகமாக இருக்கக் கர்த்தரைக் கேட்டுக்கொள்கிறேன். மழை இல்லை, பருத்தி பாதி கருகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை சபைக்கு நடந்து போகும்போது வேலியில் பார்த்தேன். கறையான் தொடாத போடார்க் மரம், தலைப்பில் மூன்று வெட்டு. அடிமைத்தனம் முடிந்ததும் இங்கே வந்து முதல் கிணறு தோண்டியவருக்குக் கல் வாங்க வழியில்லாமல் பிள்ளைகள் நட்ட அடையாளம் அது. புல் இல்லாமல் நாம் வருஷாவருஷம் செதுக்கிப் பெருக்குகிற இடுகாட்டை ஸ்ட்ரூத்தரின் ஆட்கள் வெறும் பொட்டல் என்று நினைத்துவிட்டார்களாம். ஒரு கம்பு மிச்சமில்லை. நம் சபை டீக்கன் ஹர்ஷலிடம் சொன்னேன். "விடு ஓர்லீன், பெரியவரு இன்னும் வெள்ளைக்காரன் வேலைலதான் நிக்கிறாரு. கூலி அன்னைக்கும் இல்ல, இன்னைக்கும் இல்ல" என்றார். வேடிக்கையாகச் சொல்லவில்லை அவர்.

இந்த மாதக் கடைசிச் சனிக்கிழமை கவுண்டிக் கமிட்டி ஊர் முன்னோடிகளுக்கு நினைவுக்கல் நாட்டுகிறது. ஊரை உண்டாக்கியது ஸ்ட்ரூத்தர் குடும்பம் என்று செதுக்கப் போகிறார்களாம். கமிட்டி ஆபீசுக்குப் போய்க் கேட்டேன். அங்கே பேத்தி வயது வெள்ளைக்காரப் பெண் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்க முன்னாடியே வந்திருந்தா ஒரு கல்லறையாவது இருக்கணுமே ஓர்லீன், எங்க, காட்டு" என்றாள். வேலியில் நிற்கிறது என்றேன். அது வேலிக்கம்பு என்றாள், குழந்தைக்குச் சொல்வது போல.

அதைப் பிடுங்கி அவர்கள் கல்லுக்குப் பக்கத்தில் நடப் போகிறேன். எனக்குத் தனியாக முடியாது. உன் தங்கை வீட்டுக்காரன் ஸ்ட்ரூத்தரிடம் கூலிக்குப் போகிறவன். கேட்டால் வந்துவிடுவான், பிறகு அந்தப் பிள்ளைகள் எதைத் தின்னும்? அதனால் கேட்கவில்லை. சபையார் ஜெபிப்போம் என்கிறார்கள். ஜெபித்துக்கொண்டிருந்தபோதுதான் கம்புகள் போயின. அலுத்துவிட்டது ஏசெல்.

இரத்த அழுத்த மாத்திரையை விடாதே. மருமகளுக்கு என் முத்தம். கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. போன இரண்டு கடிதத்திலும் வா என்று எழுதினேன். நீ ரேடியோ அனுப்பினாய். எனக்கு ரேடியோ வேண்டாம். அந்தச் சனிக்கிழமைக்குள் வருகிறாயா, மாட்டாயா? அதை மட்டும் எழுது.

உன் அம்மா,
ஓர்லீன் பிக்கன்ஸ்