என் கைக்குக் குடைந்த பிடி

செவ்வாய்க்கிழமை.

என் இரண்டு ஏர் பிஸ்டல்களையும் வாங்கிக்கொள்ள, சேலத்தில் பிள்ளைகளுக்குச் சுடப் பழக்கும் மல்லிகா இன்று ஏற்காட்டுக்கு வந்தார். ஃபேக்டரிப் பிடியோடு இருந்ததை எடுத்ததுமே, "எந்தப் புள்ளைக்குக் குடுத்தாலும் சரியா இருக்குமுங்க" என்றார். என் கையை அளவெடுத்து, விரலுக்கு விரல் பள்ளம் குடைந்து, கையாலேயே செய்த மரப்பிடி போட்ட மற்றதை மாற்றி மாற்றிப் பிடித்துப் பார்த்தார்.

"ஏனுங்க, இது எங்கையில உக்காரவே மாட்டேங்குதுங்க. உங்க ஊட்டுலயே இருக்கட்டும்."

அவர் போன பிறகு, பக்கவாதம் வந்ததிலிருந்து முதன்முறையாக அதை வலக்கையில் எடுத்தேன். விரல்களை இடக்கையால் ஒவ்வொன்றாகப் பள்ளங்களில் வைத்தேன். ஒவ்வொன்றாக நழுவின. வருத்தம்கூட வரவில்லை. மல்லிகாவுக்குப் போன் செய்து, சாதாரணப் பிடி ஒன்றை மாட்டி எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டேன்.

மரப்பிடியை மட்டும் கழற்றி வைத்திருக்கிறேன். என் பழைய கை இனி அதில் மட்டும்தான் இருக்கிறது.