பாவில் விழாத தூள்

கண்ணு,

போனில் பேசினால் உன் அண்ணன் காதில் விழும். அதனால் எழுதுகிறேன்.

தகரக் கூரையின் வெக்கைதான் அப்பாவைக் கொண்டுபோனது என்று, தறிக்கூடத்து உத்திரத்துக்குக் கீழே தெர்மோகோல் அட்டை அடித்துவிட்டான். இப்போது குளுகுளுவென்றுதான் இருக்கிறது. அவர் இருந்தபோது செய்திருக்கலாம்.

ஆனால் உத்திரம் உளுத்துப்போன மரம். தினமும் தறியில் கட்டிய பாவு நூலின்மேல் மாவு மாதிரி தூள் கொட்டும், நான்தான் துடைப்பேன். "முதல்ல மரத்த மாத்துடா" என்றேன். "சும்மா பயந்துக்கினே இருக்காதம்மா" என்றான்.

அட்டை அடித்ததிலிருந்து தூள் விழவில்லை. "பாத்தியாம்மா, பூச்சி செத்துப்போச்சு" என்று சிரிக்கிறான். கொட்டுவதெல்லாம் அட்டைக்கு மேலேதானே சேரும்?

இன்று காலையில் பார்த்தேன். அட்டை நடுவில் வயிறுபோல் இறங்கியிருக்கிறது. அதற்கு நேர் கீழே, அப்பா உட்கார்ந்து நெய்த தறிக்குழியில்தான் அவன் நெய்துகொண்டிருக்கிறான். நீ சொன்னால் எழுந்திருப்பான். உடனே வா.

இன்னொரு சாவு தாங்காத
உன் அம்மா