உங்கள் பெயருக்குக் கீழே இருந்த வரி

அன்புள்ள அக்கா,

இன்று காலை கந்தோரில் எனக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. "நாளைக்குக் கூட்டம் இல்லை." அவ்வளவுதான் செய்தி. அதற்குக் கீழே அனுப்பியவரின் பெயர், பதவி, கம்பனியின் சின்னம், தொலைபேசி எண்கள். அதற்கும் கீழே பொடி எழுத்தில் நீளமாக ஒரு பந்தி: இந்த மடல் உங்களுக்கு உரியதல்ல என்றால் வாசிக்க வேண்டாம், உடனே அழித்துவிடுங்கள். நீங்கள் இருந்திருந்தால் "சுண்டைக்காய் காற்பணம், சுமைகூலி முக்காற்பணம்" என்று சொல்லி மேசை அதிரச் சிரித்திருப்பீர்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அதே பந்தியை உங்கள் பெயருக்குக் கீழே ஒட்டிவிட்டு, அங்கே இருந்த ஒரு வரியை அழித்தவன் நான்தானே.

சமாதான காலம் அது. சண்டை நின்று, கொழும்பிலிருந்து வடக்குக்குப் போகும் பாதை திறந்திருந்தது. ஊருக்குத் திரும்பிய சனங்களுக்கு வீடு கட்டிக் கொடுக்கும் நிறுவனம் நம்முடையது. தலைமைக் கந்தோர் கொழும்பில். வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் ஊர்காவற்றுறையிலும் கிளைகள். கொழும்பில் கணினிகளைப் பார்க்கிறவனாக நான் இருந்தேன். புதிதாக வந்த வெள்ளைக்காரப் பணிப்பாளருக்கு மின்னஞ்சல்களின் அடிப்பகுதியைப் பார்த்துத் தலை சுற்றிவிட்டது. வவுனியாவில் ஒருவர் தன் பெயருக்குப் பக்கத்தில் ரோசாப்பூ வைத்திருந்தார். யாழ்ப்பாணத்துக் கணக்காளர் ஊதா எழுத்தில் ஒரு திருக்குறள் போட்டிருந்தார். வெளிநாட்டுக் கணினிகளில் அது வெறும் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. இதையெல்லாம் ஒரே மாதிரி ஆக்கித் தா என்றார் பணிப்பாளர். பெயர் கடும் நீலத்தில், பதவி சாம்பலில், சின்னம் இடப்பக்கம், முகவரி, தொலைபேசி, கடைசியில் அந்தப் பொடி எழுத்து எச்சரிக்கை. இதைச் செய்து முடிக்க எனக்கு ஒரு கிழமைக்கு மேல் எடுத்தது. ஏதோ கோயில் கோபுரம் எழுப்பியவன் போல ஒரு பெருமை வேறு.

ஒவ்வொரு கிளையாகப் போய் ஒவ்வொரு கணினியிலும் அதை ஏற்றிவிட்டு ஊர்காவற்றுறைக்கு வந்தேன். நிர்வாக உத்தியோகத்தர் நீங்கள். பையைக் கதிரையில் வைக்குமுன் கேட்டீர்கள்.

"நீர் எவடம் தம்பி?"

"கொழும்பு அக்கா."

"கொழும்பில ஆரும் பிறக்கிறேல்லை, போறதுதான். அதுக்கு முதல் எவடம்?"

"புங்குடுதீவு."

"புங்குடுதீவில?"

"மடத்துவெளி."

"ஆற்ர மகன்?"

பலசரக்குக் கடை நல்லையாவின் மகன் என்று நான் சொல்லி முடித்த பிறகுதான் உங்கள் முகம் தெளிந்தது. எனக்கோ உடுப்பைக் கழற்றிவிட்டு நிறுத்தியது போல இருந்தது. கொழும்பில் பொலிஸ் கதவைத் தட்டினால் தீவின் பெயரை வாயில் எடுக்கக் கூடாது, வடக்கு ஆள் என்று பிடித்துக்கொண்டு போவார்கள் என்று அம்மா என்னைப் பழக்கி வைத்திருந்தா. பல வருடமாக நான் யாருக்கும் அதைச் சொன்னதில்லை. உங்களுக்கு அது தெரியாது. சொல்லியிருந்தால் நீங்கள் விளங்கிக்கொண்டிருப்பீர்கள்.

பிறகு உங்கள் கணினியில் உட்கார்ந்தேன். உங்கள் பெயர், பதவி, அதற்குக் கீழே ஆங்கில எழுத்தில் ஒரு வரி: கரம்பொன், மணியடி சூசையின் மகள்.

நான் சிரித்துவிட்டேன். "அக்கா, இது என்ன கல்யாணக் கார்டோ?"

நீங்கள் கோபிக்கவில்லை. கரம்பொனில் சூசை என்று கனபேர் இருந்தார்களாம். உங்கள் அப்பு கடலுக்குப் போகாத நேரமெல்லாம் கோயில் மணி அடித்ததால் மணியடி சூசை. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கே இருந்தாலும் ஊர்ச்சனத்துக்குத் தெரியும் என்றீர்கள். அதன் பிறகுதான் யூட்டைப் பற்றிச் சொன்னீர்கள். ஊரே இடம்பெயர்ந்து ஓடிய நேரம் மன்னார்ப் பக்கத்தால் படகேறி இந்தியாவுக்குப் போன உங்கள் ஒரே தம்பி. அவனை இத்தாலியில் கண்டதாக ஒருவர் சொன்னார், இன்னொருவர் பிரான்சில் என்றார். பிறகு ஒரு தகவலும் இல்லை. அப்புவும் அம்மாவும் அவனைக் கேட்டுக் கேட்டே வன்னியில் செத்துப்போனார்கள். நீங்கள் மட்டும் ஊருக்குத் திரும்பி வந்தீர்கள்.

"கடிதமெண்டால் ஒருத்தர்தான் வாசிப்பார் தம்பி. இது அப்பிடி இல்லை. ஒரு வீட்டுக்கு ஓடு கேட்டு நான் அனுப்பினது எத்தினை கை மாறி எந்தெந்த நாட்டுக்குப் போகுது! போற இடமெல்லாம் என்ர பேரையும் அடியில கொண்டு போகுது. அங்க எங்கட ஆக்கள் ஆரோ ஒராள் இருப்பினம். கண்டால் அவனுக்குச் சொல்லுவினம்."

"உண்மைதான் அக்கா, ஆனால் விதி அப்பிடி," என்று சொல்லிக்கொண்டே அந்த வரியை அழித்தேன். நீங்கள் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு குசினிக்குப் போய் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்தீர்கள். கடித்துக்கொண்டு குடிக்கப் பெரிய துண்டாகப் பனங்கட்டியும் வைத்தீர்கள்.

நான் கொழும்புக்குத் திரும்பி இரண்டாம் நாளே உங்கள் மடலில் அந்த வரி மறுபடி வந்து உட்கார்ந்திருந்தது. ஒவ்வொரு மடலிலும் கையால் தட்டிச் சேர்த்திருந்தீர்கள். தொலைபேசி எடுத்தேன்.

"அக்கா, பிறகும் போட்டிருக்கிறியள்."

"ஓம், போட்டனான்."

"ஏலாது அக்கா. சொந்த விசயம் எழுதக் கூடாது."

"யாழ்ப்பாணம் போகேக்கையெல்லாம் பண்ணை ஆமிச் சென்றியில இறக்கிவிட்டு ஊரென்ன, தேப்பன் பேரென்ன எண்டு கேக்கிறாங்கள். அவங்களுக்குச் சொல்லலாம், மடலில மட்டும் சொல்லக் கூடாதோ?"

தொலைபேசியை வைத்துவிட்டேன். கோபம்தான் வந்தது. பணிப்பாளரிடம் போய்ச் சொன்னேன். அவர் தலையைக்கூட நிமிர்த்தவில்லை. சின்ன விசயம், நீயே பார்த்துச் செய் என்றார். இதை நீங்கள் அறிய வேண்டும் அக்கா. நான் உங்களுக்கு "மேலிடத்து உத்தரவு" என்று எழுதினேன். மேலிடம் ஒன்றும் உத்தரவிடவில்லை. நான் விட்டிருந்தால் அந்த வரி இருந்திருக்கும். ஊரையும் தகப்பனையும் அப்படி வெளிச்சத்தில் போட்டுக்கொண்டு நீங்கள் நிற்பது என்னை ஏதோ செய்தது. நான் ஒளித்துவைத்ததை நீங்கள் மடலுக்கு மடல் எழுதிக்கொண்டிருந்தீர்கள். அதுதான் உண்மையான காரணம். விதி என்றது சாட்டு.

கடுமையாக ஒரு மடல் எழுதினேன். எல்லாக் கிளைகளுக்கும் பிரதி போட்டேன். உங்கள் பதில் உடனே வந்தது: "சரி தம்பி." கீழே நீலத்தில் பெயர், சாம்பலில் பதவி, சின்னம், எச்சரிக்கை. ஒரு எழுத்து கூடவில்லை, குறையவில்லை. அவ்வளவு சுத்தமாக இருந்ததால், புதிதாக வேலைக்கு வருகிறவர்களுக்கு "இப்படித்தான் இருக்க வேண்டும்" என்று காட்ட உங்கள் கையொப்பத்தையே மாதிரியாக எடுத்துக்கொண்டேன்.

நீங்கள் அதன் பிறகு அதைப் பற்றிப் பேசவேயில்லை. என்னைப் "பூசாரியார்" என்று கூப்பிடத் தொடங்கினீர்கள். ஏன் என்று கேட்டேன். "சாமி வரம் குடுத்தாலும் பூசாரி விடமாட்டானாம், அதுதான்," என்று சிரித்தீர்கள். பணிப்பாளர் சொன்னது உங்கள் காதுக்கு எப்படியோ எட்டியிருக்குமோ என்று இப்போது நினைக்கிறேன். எட்டியிருந்தும், கொழும்புக்கு வருகிறவர்களிடம் எனக்கு ஒடியல் மாவும் கருவாடும் கொடுத்துவிட்டீர்கள். அதையும் வெட்கமில்லாமல் வாங்கிச் சாப்பிட்டேன்.

சண்டை தொடங்கிப் பாதை மறுபடி மூடியது. மார்பில் கட்டி என்று நீங்கள் சொன்னபோது யாழ்ப்பாணத்தில் மருந்து முடிந்திருந்தது. கொழும்புக்கு வரக் கப்பலுக்குப் பதிந்துவிட்டுக் காத்திருந்தீர்கள். ஒரு தடவை தொலைபேசியில் குரல் மெலிந்து வந்தது. "பூசாரியார், கப்பலிலயும் ஊரும் தேப்பன் பேரும் கேட்டுத்தான் பதியினம்," என்றீர்கள். நான் சிரித்தேன். உங்களுக்கு இடம் வருமுன் நீங்கள் போய்விட்டீர்கள். செத்தவீட்டுக்கு என்னால் வர முடியவில்லை. விமானத்தில் இடமில்லை என்று எல்லோருக்கும் சொன்னேன். உண்மையில் கேட்டுப் பார்க்கவும் இல்லை.

சில மாதங்கள் கழித்து உங்கள் மின்னஞ்சல் கணக்கை மூடும் வேலை எனக்கு வந்தது. திறந்தேன். அன்று காலைதான் வந்த மடல் ஒன்று இருந்தது. நமக்கு உதவி தருகிற ஐரோப்பியக் கந்தோர் ஒன்றில் வேலை செய்யும் பிள்ளை, தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியிருந்தாள்.

"அக்கா, நீங்கள் மணியடி சூசையின்ர மகளோ? ரெண்டு வருசமா உங்கட மடல் எல்லாம் என்ர கையாலதான் போனது, இப்ப கொஞ்ச மாதமாக் காணேல்லை. பேரைத் தெரியும், எந்த ஊர் ஆள் எண்டு தெரியாது. இண்டைக்குப் பழைய கோப்பு ஒண்டை எடுக்கேக்க அடியில இந்த வரி இருந்தது. எங்கட அப்பாவோட வேலை செய்யிற யூட் மாமா, தான் கரம்பொன் மணியடி சூசையின்ர மகன் எண்டு எந்த நாளும் சொல்லுவார். நீங்கள் எல்லாரும் செல் குண்டு விழுந்து செத்துப்போனியள் எண்டு அவருக்கு ஆரோ சொன்னவை. கரம்பொனுக்குப் போட்ட கடிதமெல்லாம் திரும்பி வந்ததாம்."

இரண்டு வருடம் அக்கா. உங்கள் பெயர் அந்தப் பிள்ளையின் கண்ணுக்கு முன்னால் இரண்டு வருடம் போய்வந்திருக்கிறது. நீலத்தில், சாம்பலில், சின்னத்தோடு, மாதிரிக்கு எடுக்கக்கூடிய சுத்தத்தோடு. நான் கைவைக்க முன்னர் நீங்கள் அனுப்பிய பழைய மடல் ஒன்றுதான் கடைசியில் உங்கள் தம்பியைக் கண்டுபிடித்தது. அந்த வரி யாருக்கு உரியது என்று உங்களுக்கே தெரியாது. மடல் யாருக்கு உரியதல்லவோ அவர்களுக்காகத்தான் நீங்கள் அதை எழுதினீர்கள். அதே இடத்தில்தான், உரியவர் அல்லாதவர் அழித்துவிடவும் என்று நான் எழுதினேன்.

அந்தப் பிள்ளைக்கு என் தொலைபேசி எண்ணை மட்டும் எழுதினேன். பின்னேரமே அழைப்பு வந்தது.

"தம்பி, நான் யூட். அக்கா அங்க நிக்கிறாவோ?"

சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்று நினைவில்லை. அந்தப் பக்கம் ஒரு ஆம்பிளை வாய்விட்டு அழுவதைக் காதில் வைத்துக்கொண்டு இருந்தேன். கனநேரம் கழித்துக் கேட்டார்.

"அக்கா என்னைத் தேடினவவோ தம்பி?"

"ஓம் அண்ணை. தேடினவ."

"கடைசி வரைக்கும்?"

"கடைசி வரைக்கும் தேடினவ அண்ணை."

அது பொய்யில்லை. ஆனால் அந்தத் தேடலை நடுவில் நிறுத்தி வைத்தது யார் என்று நான் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. ஒவ்வொரு வருடமும் உங்கள் நினைவு நாளில் அண்ணை எனக்கு அழைப்பெடுத்து, "என்ர அக்காவுக்கு நல்ல தம்பியா இருந்திருக்கிறீர்," என்று நன்றி சொல்லுகிறார். நான் "பரவாயில்லை அண்ணை" என்கிறேன். சொல்ல வாய் வருகுதில்லை அக்கா. உங்களுக்கு எழுதுகிறேன், அவருக்கு எழுத இன்னும் துணிவில்லை.

இப்போது வேறு கம்பனியில் இருக்கிறேன். இங்கேயும் இதே வேலைதான் தந்திருக்கிறார்கள். நான் செய்த வடிவத்தில் பெயருக்கும் பதவிக்கும் கீழே ஒரு வரி வெறுமையாக விட்டிருக்கிறேன். இது எதற்கு என்று கேட்கிறார்கள். உங்கள் விருப்பம் என்கிறேன். பெரும்பாலானவர்கள் கைத்தொலைபேசி எண்ணைத்தான் போடுகிறார்கள். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் என்று நீங்கள் சொல்லுவது கேட்கிறது. ஓம் அக்கா, அதுதான்.

என்னுடைய வரியை நான் நிரப்பிவிட்டேன்.

உங்கள் பூசாரியார்
மடத்துவெளி, பலசரக்குக் கடை நல்லையாவின் மகன்

இந்த மடல் உங்களுக்கு உரியதல்ல என்றால் தயவுசெய்து அழித்துவிடாதீர்கள். வாசித்துவிட்டு இன்னொருவருக்கு அனுப்பிவிடுங்கள்.