குடைக்கு வெளியே நனைகிறவர்

மாசி 10, வியாழன்

கோபம் இன்னும் அடங்கவில்லை. எழுதிவிட்டுத்தான் படுக்க வேண்டும்.

இந்தத் தேர்தலில் பண்ணையாருக்குக் குடைச் சின்னம் கிடைத்திருக்கிறது. அவர் வயல் பார்க்க வரும்போதெல்லாம் வரப்பில் பின்னாலேயே குடை பிடித்து நடப்பவர் என் அப்பா. மழை பெய்தால் பண்ணையாருக்குத் தலை நனையாது, அப்பா தெப்பலாக நனைவார். அதைத்தான் நேற்று எங்கள் தெருமுனைச் சுவரில் கேலிச்சித்திரமாக வரைந்தேன்.

காலையில் விவசாயத் தொழிலாளர் சங்கச் செயலாளர் வந்து பார்த்தார்.

"என்னப்பா பண்ணி வச்சிருக்கே? படிக்காத சனம் குடையை மட்டும்தான் பாக்கும். அவருக்கு நீயே ஓட்டுக் கேட்ட மாதிரி ஆயிடுச்சு. அழிச்சுடு."

"அழிக்க மாட்டேங்க. குடைக்குள்ள யாரு, வெளியில யாருன்னு பாக்கப் படிப்பு எதுக்குங்க?"

சங்கத்தை விட்டே நீக்கிவிடுவதாகச் சொல்லிவிட்டுச் சைக்கிளை எடுத்தார். பகலெல்லாம் உறுத்தியது. ஒருவேளை அவர் சொன்னதுதான் சரியோ என்றுகூடத் தோன்றியது.

சாயங்காலம் போய்ப் பார்த்தால் சுவர் முழுக்கச் சுண்ணாம்பு. ஈரம்கூடக் காயவில்லை. செயலாளர் வேலை என்றுதான் நினைத்தேன். எதிரே இருந்த டீக்கடைக்காரர் சொன்னார்:

"பண்ணை ஆளுங்க வந்து அடிச்சிட்டுப் போறாங்க தம்பி."

தன் சின்னத்தைத் தானே அழித்திருக்கிறார் பண்ணையார்.

அப்பாவுக்கு நாளை அங்கே வேலை இருக்குமா தெரியவில்லை. பார்த்துக்கொள்ளலாம். பழைய சுவரில் நிறம் சரியாகவே பிடிக்கவில்லை. இப்போது அவர்களே வெள்ளையடித்துக் கொடுத்திருக்கிறார்கள். காலைக்குள் காய்ந்துவிடும். இந்த முறை அப்பாவைப் பெரிதாக வரைவேன்.