நெருப்பில் உடையாத வெள்ளைச் சட்டி

புளியந்தீவு,
மட்டக்களப்பு.
2.3.1972

அன்பு மகள் செலினுக்கு,

ஊர் அடங்கிய இந்த நேரத்தில் உட்கார்ந்து எழுதுவதற்குக் குறை நினைக்காதே, எழுத்துக் கோணலாக இருந்தால் அதையும் பொறுத்துக்கொள். அப்பா படுத்த பிறகுதான் இந்தக் கடிதத்தை எழுத முடியும், ஏன் என்று வாசிக்க விளங்கும். மாதாவின் துணையால் நாங்கள் எல்லோரும் சுகம், நீயும் அந்தக் குளிர் நாட்டில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டும் என்று செபமாலை சொல்லும்போதெல்லாம் கேட்கிறேன். அப்பாவுக்கு இருமல் குறைவு. தங்கச்சி றோசம்மா சோதனைக்குப் படிக்கிறாள், படிப்பதாகச் சொல்கிறாள். மழை விட்ட பிறகு வாவியில் இறால் நிறையப் படுகிறது, எந்த வீட்டு வாசலில் நின்றாலும் அந்த வாசம்தான். உனக்குக் கட்டுகிற வீட்டில் சுவர் எழும்பிவிட்டது, கூரைக்கு மரம் பார்க்க அப்பா கரடியனாற்றுப் பக்கம் போய்ப் போய் வருகிறார். மூத்த மகளுக்கு வீடு கட்டாமல் கலியாணம் பேச நம்முடைய பக்கத்தில் எந்தத் தகப்பனுக்கு வாய் வரும், மருமகன் வந்து இருக்கப்போகிற வீடு என்று சொல்லிச் சொல்லி ஒவ்வொரு கல்லையும் தட்டிப் பார்த்துத்தான் மேசனிடம் கொடுக்கிறார்.

நீ மார்கழியில் கொடுத்தனுப்பிய வெள்ளைச் சட்டியைப் பற்றித்தான் எழுத வந்தேன். வந்த நாளே அதைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். அந்த வெள்ளையும் பக்கத்தில் உள்ள நீலப் பூக்களும் மேலே கண்ணாடி மூடியும், அதைப் பார்க்க வராத ஆள் இல்லை. இப்போது வெளிநாட்டுச் சாமான் ஒன்றும் வருவதில்லை, சரீப் கடையில் தேத்தண்ணிக் கப்புக்குக் கீழே வைக்க ஒரு பீங்கான் பீரிஸ் கேட்டால்கூட அரசாங்கத்திட்டக் கேளுங்க டீச்சர் என்கிறார். காத்தான்குடியிலிருந்து சேலை கொண்டு வருகிற சபூரா அதைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ரெண்டு கைத்தறிச் சேலை தாறன் டீச்சர், இத எனக்குத் தாங்க, மகள்ர கலியாணத்துக்கு வெச்சிக்கிறன் என்று கெஞ்சினாள். அதைச் சமைக்கிற சட்டி என்று நான் நினைக்கவே இல்லை. பயிற்சிக் கல்லூரியில் மனையியல் படித்து, கண்ணாடி சூட்டில் வெடிக்கும் என்று வருடா வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறவள் நான். நீயும் பக்குவமாக வைத்திருங்கள் அம்மா என்று ஒரு வரிதான் எழுதினாய். நானும் பக்குவமாக வைத்திருந்தேன்.

போன ஞாயிறு பூசை முடிந்து உன் சின்னம்மா பீற்றிஸ் எங்களோடு சாப்பிட வந்தாள். குசினியில் இறால் கறி கொதித்துக்கொண்டிருக்க மண்சட்டி அடுப்பிலேயே பிளந்துவிட்டது, பால் முழுவதும் சாம்பலுக்குள். மிஞ்சின இறாலை அள்ளி எடுத்துவிட்டு, வைக்க வேறு சட்டி இல்லாமல் நான் தடுமாற, பீற்றிஸ் நேரே போய் அலுமாரியைத் திறந்து உன் வெள்ளைச் சட்டியைக் கொண்டுவந்து எரிகிற அடுப்பில் வைத்துவிட்டாள். நான் குழறின குழறலில் அப்பா வாசலில் இருந்து என்னகா நடந்த என்று கேட்டார். அவள் சிரிக்கிறாள். கத்தாதகா அக்கா, இது வெடிக்காது, நம்மட செலின் ஒவ்வொரு நாளும் இதிலதானே சோறு காச்சி அந்தப் பொடியனுக்குக் குடுக்கிறாள், போறணைச் சூட்டுக்குள்ள வெச்சு எடுத்து அப்படியே மேசையில வெப்பாளாம் என்றாள். சொல்லி முடிந்த பிறகுதான் என் முகத்தைப் பார்த்தாள். தேங்காய் துருவிக்கொண்டிருந்த றோசம்மாவின் கை அப்படியே நின்றது. எந்தப் பொடியன் என்று கேட்டேன். மூடிக்குள்ளால் கறி கொதிப்பது தெரிந்தது, மூன்று பேரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். மறுகா சொல்றன் அக்கா, அத்தான் வெளியில இருக்கிறார் என்றாள் பீற்றிஸ்.

பின்னேரம் கிணற்றடியில் வைத்து எல்லாவற்றையும் சொன்னாள். பெயர் ஜெயராஜா, ஊர் மண்டூர், அங்கே எஞ்சினியருக்குப் படிக்கிறார், உங்கள் இரண்டு பேருக்கும் பழக்கமாகி ஒரு வருடத்துக்கு மேல், சட்டியை இரண்டு பேருமாகக் கடைக்குப் போய் எங்களுக்கொன்று உங்களுக்கொன்று என்று சோடியாக வாங்கினீர்களாம். றோசம்மாவுக்கும் தெரியுமாம். அப்படியென்றால் இந்தக் குடும்பத்தில் தெரியாதவர்கள் நானும் அப்பாவும் மட்டும்தான். அதைக்கூடத் தாங்கியிருப்பேன். சட்டியைக் கொண்டுவந்து தந்தவரே அவர்தான் என்று சொன்னாளே, அப்போதுதான் கிணற்றுக் கட்டைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன்.

மகள், அந்தப் பிள்ளை அன்றைக்கு மழையில் தெப்பமாக நனைந்து, சட்டியை மட்டும் தன் சேட்டால் சுற்றி நனையாமல் கொண்டுவந்தார். செலினோட வேலை செய்யிற ஒரு பிள்ளையின்ர அண்ணன் என்று சொன்னார், அப்படிச் சொல்லச் சொன்னது நீதானாம். நான் ஒரு துவாய் கொடுத்து, பால் இல்லாத தேத்தண்ணி கொடுத்து, கதிரையின் நுனியில் இருத்திவைத்தேன். அம்மா, இத அடுப்பிலயும் வெக்கலாம் என்று மெல்லச் சொன்னார். கண்ணாடிய ஆர் தம்பி அடுப்பில வெப்பாங்க என்று நான் சிரித்தேன், அவரும் சிரித்தார். அதோடு விட்டேனா. டவுனில் ஒரு நல்ல இடம் உனக்குப் பார்த்திருக்கிறோம், மாப்பிள்ளை வங்கியில் வேலை, வீடும் கட்டத் தொடங்கிவிட்டோம், செலினைக் கண்டா நீங்களும் நாலு புத்தி சொல்லுங்க தம்பி என்று அவரிடமே சொன்னேன். பாதி குடித்த கப்பை வைத்துவிட்டு, சொல்றன் அம்மா என்று எழும்பினார். மத்தியான நேரம், சோறு ஆக்கி இருந்தது, ஒரு வாய் சாப்பிடச் சொல்லாமல் மழைக்குள் அனுப்பிவிட்டேன். நினைக்க நினைக்க உடம்பு கூசுகிறது. என்னைப் பார்த்து வரும்படி ஒரு ஆளை அனுப்பிவிட்டு, பார்க்கப்படுகிறேன் என்பதை எனக்குச் சொல்லாமல் விட்டாயே. போனவர் உன்னிடம் என்ன சொன்னார், கொம்மா இப்படித்தான் என்று சொன்னாரா, நீங்கள் இரண்டு பேரும் அதைச் சொல்லிச் சிரித்தீர்களா, இந்த நான்கு நாளும் இதுதான் எனக்குள் ஓடுகிறது.

அவர் சைவக் கோயிலுக்குப் போகிறவர், நாம் பூசைக்குப் போகிறவர்கள், அதைப் பற்றி இன்றைக்கு எழுத வரவில்லை, அது பிறகு. எனக்கு நாற்பது வயதுகூட ஆகவில்லை செலின், உன்னைக் கூட்டிக்கொண்டு வெளியே போனால் அக்காவா என்று கேட்டவர்கள் இருக்கிறார்கள், என்னிடம் சொல்ல முடியாத கதையா இது? நான் பயிற்சிக்குப் போன காலத்தில் உன்னைக் குளிப்பாட்டிச் சோறு தீத்தினவள் பீற்றிஸ்தான், அதனால்தான் வாய் அங்கே திறக்கிறதோ என்னவோ. அவளும் என் கையால் வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு, எனக்குப் பக்கத்தில் முட்டுக்காலில் நின்று செபம் சொல்லிக்கொண்டு, இத்தனை மாதம் ஒரு சொல் விடாமல் இருந்தாளே. நான் இப்போது அவளோடு கதைப்பதில்லை. றோசம்மாவோடு கதைக்காமல் இருக்க முடியாது, ஒரே வீடு.

அன்றைக்கு எல்லோரும் போன பிறகு சட்டியின் அடியில் பிடித்திருந்த கரியைச் சாம்பல் போட்டு உரஞ்சினேன். உண்மையைச் சொன்னால், எங்கேயாவது ஒரு கீறலாவது விழுந்திருக்க வேண்டும் என்று விரலால் தடவித் தடவித் தேடினேன். ஒன்றும் இல்லை. மஞ்சள் பிடிக்கவில்லை, இறால் வாசம் நிற்கவில்லை, பூவின் நீலம்கூட மங்கவில்லை. இப்போது அது ஒவ்வொரு நாளும் அடுப்பில்தான் இருக்கிறது, அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினால் அப்பா ஏன் என்று கேட்பார். அவருக்கு அதில் வைத்த சொதிதான் வேண்டும், இறக்கின சட்டியோடேயே மேசைக்குக் கொண்டுவரச் சொல்கிறார், சூடு ஆறாதாம். வருகிறவர்களிடம் எல்லாம் மூடியைத் திறந்து காட்டி, என்ர மகள்ர சட்டி, அடுப்புக்கும் அதுதான் மேசைக்கும் அதுதான், அவளுக்குத் தெரியும் வீட்டுக்கு என்ன வேணுமெண்டு என்கிறார். நான் சோறு போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

பாஸ்குவுக்கு முந்திய இந்தத் தபசு காலத்தில் கலியாணப் பேச்சு எடுக்கக் கூடாது என்றுதான் வங்கிக்காரர் பகுதி பொறுத்திருக்கிறார்கள். பாஸ்குத் திருநாள் முடிந்த கையோடு வருவார்கள், அப்பா வாக்குக் கொடுத்துவிட்டார். எனக்கு உடம்பு சரியில்லை, இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்கள் என்று நேற்றுச் சொல்லிப் பார்த்தேன், அவர் பயந்து டாக்டரைக் கூட்டிவரப் புறப்பட்டுவிட்டார். இதுவரை அவருக்கு நான் ஒரு பொய் சொன்னதில்லை. அத்தானிட்ட நாம மெல்ல மெல்லச் சொல்லுவம் அக்கா என்று றோசம்மாவிடம் சொல்லி அனுப்புகிறாள் பீற்றிஸ். நான் சொல்ல மாட்டேன். எனக்கு மற்றவர் வாயால் தெரிய வந்ததுபோல அவருக்கும் தெரிய வரக் கூடாது, அந்த மனுசன் தாங்க மாட்டார். நீயே உன் கையால் அப்பாவுக்கு எழுது. பீற்றிஸுக்கு அனுப்பிக் கொடுக்கச் சொல்லாதே, நேரே அவர் பெயருக்குப் போடு. எனக்கு ஒன்று தனியாக எழுது. விடுதியை விட்டு அறை எடுத்ததாக எழுதியிருந்தாய், ஒரே வீட்டிலா இருக்கிறீர்கள், கலியாண எழுத்து வைத்துவிட்டீர்களா, திரும்பி வருகிற எண்ணம் இருக்கிறதா இல்லையா, இந்த மூன்றுக்கும் ஓம் அல்லது இல்லை என்று சொன்னால் போதும். வருகிற எண்ணம் இல்லை என்றால் அப்பா கூரை போட முன்னம் அது தெரிய வேண்டும். அந்தப் பிள்ளை இன்னொரு முறை ஊருக்கு வந்தால் தான் யார் என்று சொல்லிக்கொண்டு வரட்டும். கோபம் கோபமாகவே இருக்கும், ஆனால் சாப்பிடாமல் அனுப்ப மாட்டேன்.

குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ, இரவு வேலை நாளில் வெறும் வயிற்றோடு படுக்காதே, ஞாயிறு பூசையை விடாதே. ஆண்டவர் உன்னை எல்லாத் தீங்கிலிருந்தும் காத்துக்கொள்வாராக, மாதா உன் பக்கத்தில் இருப்பாவாக. பாஸ்குவுக்கு இனி அதிக நாள் இல்லை. இந்தக் கடிதம் கிடைத்த அன்றே உட்கார்ந்து பதில் எழுது மகள்.

உன் அம்மா,
திரேசம்மா யாக்கோப்பு