தட்டிப் பார்த்துத் தள்ளிவிடலாம் என்றிருந்தேன்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் சுகம், என் இடது மணிக்கட்டு மட்டும் சுகமில்லை, காரணம் கீழே வரும். நீ அங்கே நேரத்துக்குச் சாப்பிட்டு நேரத்துக்குத் தூங்கி நன்றாக இருப்பாய் என்று நம்புகிறோம், நம்புவதைத் தவிர எங்களுக்கு வேறு வழியும் இல்லை.

நீ அனுப்பிய பெட்டி வந்து பன்னிரண்டு நாளாகிறது. பிரித்தால் பாய் மாதிரி சுருட்டிய ரப்பர் விரிப்பு, அதில் ஒன்பது வட்டம், இரண்டு குச்சி, காலால் மிதிக்க இரண்டு கட்டை. இதுவா டிரம்ஸ் என்றேன், பொண்ணு அனுப்பினது, வாயை மூடிட்டு விரிங்க என்றாள் அம்மா. பெட்டிக்குள் உன் கடிதமும் இருந்தது. தாளம் என்றால் என்னவென்றே தெரியாத அப்பா பத்து நாளில் இதில் ஒரு தாளம் வாசித்துவிட்டால் யாரும் வாசித்துவிடலாம், அப்புறம் காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு இதை வைத்தே டிரம்ஸ் வகுப்பு ஆரம்பிப்பேன், அப்பாவின் தீர்ப்புதான் கடைசி என்று எழுதியிருந்தாய். மறைப்பானேன், அந்த நிமிஷமே இதைத் தள்ளிவிடுவது என்று முடிவு செய்துவிட்டேன். பூட்டுத் தொழிற்சாலையில் முப்பத்திரண்டு வருஷம் குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவன், ஒரு ரப்பர் பாயில் குறை கண்டுபிடிக்கத் தெரியாதா?

பூட்டுக்குச் செய்கிற சோதனை எல்லாம் செய்தேன். இடுப்பு உயரத்திலிருந்து மூன்று முறை கீழே போட்டேன், மூன்றாவது முறை அது தானாகவே உள்ளே பதிந்து வைத்த பாட்டைப் பாட ஆரம்பித்து ஒரு மணி நேரம் நிறுத்தவில்லை. உரிமையாளர் அனுமதியின்றி இயங்குகிறது என்று குறித்துக்கொண்டேன். தண்ணீர்ச் சோதனைக்கு வாளியை நிரப்பினேன், அம்மா வந்து வாளியைப் பிடுங்கிக்கொண்டு போய்த் துணி துவைத்துவிட்டாள். ஒரு வட்டத்தை நூறு தடவை அடித்தால் தொண்ணூற்றெட்டு தடவைதான் சத்தம் வருகிறது, பூட்டாக இருந்தால் மிச்ச இரண்டு தடவையில் திருடன் புகுந்திருப்பான். மிதிகட்டை தரையில் வழுக்கிக்கொண்டே கட்டிலுக்கு அடியில் போய்விடுகிறது. அடித்த குச்சி சட்டென்று எழும்புவதில்லை, ரப்பர் கொஞ்சம் சோம்பேறி. எனக்கு ஒரே சந்தோஷம்.

நாலாம் நாள் பக்கத்துச் சுவர் தையல்காரர் வந்தார். சண்டைக்குத்தான் வருகிறார் என்று நானே முந்திக்கொண்டு மன்னிப்புக் கேட்டேன். அவர் சொன்னதோ, சார், உங்க அடிக்கு என் கால் பழகிடுச்சு, நீங்க அடிச்சாத்தான் மெஷின் ஓடுது, நேத்து நீங்க சாப்பிடப் போனதுல ஒரு சட்டை ஒத்தைக் கையோட நிக்குது, திங்கக்கிழமை பள்ளிக்கூடம் திறக்குது, நாற்பது சீருடை பாக்கி. பாவம் பார்த்து வாசித்தேன், வசமாக மாட்டிக்கொண்டேன். நான் வேகமாக அடித்தால் தையல் கோணுகிறது, ஓரத்து வட்டத்தை டிஷ்ஷென்று அடித்தால் ஊசி உடைகிறது, அந்த டிஷ்ஷு மட்டும் வேண்டாம் சார் என்று ஆள் அனுப்பினார். ஹெட்ஃபோனைச் சோதிக்கலாம் என்று மாட்டினேன், அரை நிமிஷத்தில் சுவரை இடித்தார். அம்மா ஜன்னலில் நின்று, காலர் வந்தாச்சாம், மெதுவாப் போங்க, இப்போ நீளத் தையலாம், விடாம அடிங்க என்று செய்தி சொல்லிக்கொண்டிருந்தாள். இவளிடம் இவ்வளவு உற்சாகத்தை நான் எங்கள் கல்யாணத்தில்கூடப் பார்த்ததில்லை.

பத்தாம் நாள் நாற்பதாவது சட்டை முடிந்தது, என் இடது மணிக்கட்டும் வீங்கிவிட்டது. அம்மா சுவரில் சாய்ந்துகொண்டு, மத்தியானத்துலேர்ந்து ஒரு தப்புகூட இல்லை, கத்துக்கிட்டீங்க என்றாள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அவசரமாகப் பாயைச் சுருட்டிவிட்டு மேஜையில் உட்கார்ந்து, கற்க இயலவில்லை, தள்ளுபடி என்று உனக்கு எழுதினேன். கையெழுத்துப் போடப் பேனாவை வைத்தபோது சுவருக்கு அந்தப் பக்கம் மெஷின் ஓட ஆரம்பித்தது. நான் வாசிக்கவில்லை, விரிப்பு என் காலடியில் சுருண்டு கிடக்கிறது, ஆனால் மெஷின் என் தாளத்திலேயே, டிஷ்ஷு இல்லாமல், சீராக ஓடுகிறது. ஒன்றும் தெரியாத நானே ஒரு மனுஷனுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன், தெரிந்த நீ எத்தனை பேருக்குச் சொல்லிக்கொடுப்பாய்? அந்தத் தாளைக் கிழித்துப் போட்டேன். முப்பத்திரண்டு வருஷத்தில் நல்ல பூட்டு ஒன்றைக்கூட நான் தள்ளியதில்லை, உன்னைத் தள்ளப் பார்த்தேனே மகளே. நிலையான சம்பளத்தை விடுகிறாயே என்று பயந்துவிட்டேன், வேறொன்றுமில்லை.

தீர்ப்பு, தேறியது. குறைகளைத் தனித் தாளில் எழுதி இணைத்திருக்கிறேன், மிதிகட்டைக்கு அடியில் ஈரத்துணி போட்டால் வழுக்காது என்று உன் மாணவர்களுக்குச் சொல். வேலையை விடும்போது எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு மரியாதையாக விடு. காலை வெறும் வயிற்றோடு வகுப்பெடுக்காதே. நீ தொட்டதெல்லாம் துலங்க வேண்டும், அம்மாவும் அதையே சொல்லச் சொன்னாள். மறந்துவிடாதே, விரிப்பைத் திருப்பிக் கேட்காதே, தையல்காரருக்குக் கால்சட்டைத் தாளம் இன்னும் வரவில்லை.

இப்படிக்கு,
உன் அப்பா,
உன் வகுப்பின் முதல் மாணவன்