கடிகாரக்காரனின் அக்கா

கென்சிங்டன், பிலடெல்பியா
1912 அக்டோபர் 6, ஞாயிறு

அன்புத் தம்பி ஆம்ப்ரோஸுக்கு அக்கா வின்னி எழுதுவது.

இங்கே எல்லோரும் உயிரோடு இருக்கிறோம். சௌக்கியம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், கை வரவில்லை. அதனால் இந்த அளவோடு வைத்துக்கொள். ஒஹாயோவில் அடுப்பு செய்யும் தொழிற்சாலையில் இருப்பதாகவும், ஓட்டல் சாப்பாடு வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றும் எழுதியிருந்தாய். காபியைக் குறை. ராத்திரி சூப்பு மட்டும் குடித்துவிட்டுப் படு. சின்ன வயதிலிருந்தே உனக்கு வயிறு ஒரு தொல்லைதான்.

லீனாவுக்கு இருமல் விட்டுவிட்டது. பல் ஒன்று விழுந்து, பேசினால் காற்று வருகிறது. மாமா எப்போது வருவார் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

நீ வந்திருந்தபோது சொன்ன மாதிரி அடுப்படியில் பாத்திரங்களை எல்லாம் இடம் மாற்றி வைத்தேன். மாவு டப்பா கை எட்டும் இடத்தில், வாளி அடுப்புக்குப் பக்கத்தில். நடை குறைந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் மிச்சமான நேரத்தில் இன்னும் நாலு வேலை வந்து உட்கார்ந்துகொண்டது. படித்தவன் நீ, இதற்கும் ஒரு வழி வைத்திருப்பாய். நான் கேட்கப் போவதில்லை, அலுத்துவிட்டது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். திங்கட்கிழமை காலையில் லேத் கூடத்து வாசலில் புதுக் கூலி விவரத்தை ஒட்டிவிட்டார்கள். உருப்படிக்கு உருப்படி கூலியைக் குறைத்துவிட்டார்கள், ஆம்ப்ரோஸ். கடிகாரம் வைத்து இவர்கள் வேலையின் வேகத்தை அளந்துவிட்டு உன் ஆபீஸ்காரர்களும் நீயும் பெட்டியைக் கட்டிக்கொண்டு ரயில் ஏறி முழுசாக இரண்டு மாதம் ஆகவில்லை. உன் அத்தான் அன்றைக்கு ஓட்டிக் காட்டிய வேகத்தில் ஓட்டினால் பழைய சம்பளம் கைக்கு வரும். ஓட்ட முடியாதவனுக்கு அதுவும் இல்லை. அந்த வேகத்தில் ஓட்ட அங்கே யாரால் முடியும்? அவராலேயே தினமும் முடியுமா?

அன்று நீ அவர் பக்கத்தில் கடிகாரத்தோடு நின்றபோது நடந்தது என்ன என்று உனக்குத் தெரியுமோ என்னவோ. கடிகாரக்காரன் வந்து நின்றால் எந்த லேத்காரனும் கையை அடக்கித்தான் ஓட்டுவான். உளியை இன்னொரு தடவை தீட்டுவான், தேவையில்லாமல் எண்ணெய் விடுவான், ஓடுகிற பெல்ட்டை நிறுத்திப் பார்ப்பான். ஒருவன் ஓடினால் நாளைக்கு எல்லோரும் ஓட வேண்டும், அதனால் யாரும் ஓடக்கூடாது. அந்தக் கூடத்தில் இது எழுதாத சட்டம். உன் அத்தானும் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே அந்தச் சட்டத்துக்குள் இருந்தவர்தான். ஆனால் அன்றைக்கு நின்றது நீ. உனக்கு அது முதல் வேலை. உன் ஆபீஸ் பெரியவர்கள் இரண்டு பேர் பின்னால் நின்று உன்னையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

சாயந்தரம் வீட்டுக்கு வந்தவர் பூட்ஸைக்கூடக் கழற்றாமல் நாற்காலியில் சரிந்துவிட்டார். 'நீங்க என்ன மனுஷனா, வண்டிக் குதிரையா?' என்று திட்டினேன். 'பையன் முகம் வெளிறிப்போய் நின்னான் வின்னி. நம்ம பிள்ளை, நாம நல்ல பேரு வாங்கிக் குடுக்கலேன்னா வேற யாரு குடுப்பா?' என்றார். அவருக்கு உன்மேல் அப்படி ஒரு பாசம். எனக்கே சில சமயம் பொறாமையாக இருக்கும்.

அதற்கு முந்தின ஞாயிறு நம் வீட்டு மேஜையில் பன்றிக்கறியும் புளிக்கவைத்த முட்டைக்கோசும் சாப்பிட்டுக்கொண்டே நீ சொன்னது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. 'அத்தான், ஒருத்தரோட கூலியும் குறையாது. அதுக்கு நான் பொறுப்பு. வேகமா செஞ்சா கூடத்தான் கிடைக்கும்' என்றாய். அதை அவர் மறுநாளே கூடத்தில் போய்ச் சொன்னார். மல்ஹர்னை உனக்குத் தெரியும், கிரேன் ஓட்டும் ஐரிஷ்காரர், சங்கத்தில் அவர் பேச்சுதான் எடுபடும். 'ஏன்யா காஸ்பர், முதலாளி வார்த்தைய நம்பச் சொல்றியா?' என்று அவர் கேட்டாராம். 'முதலாளி வார்த்தைய எவன் நம்பச் சொன்னான்? என் மச்சினன் வார்த்தைய நம்பு' என்றாராம் இவர். அதன் பிறகுதான் மற்றவர்கள் உங்கள் ஏற்பாட்டுக்குச் சரி என்றார்கள்.

இப்போது யாரும் அவரைத் திட்டுவதில்லை. திட்டினால்கூடப் பரவாயில்லை. மத்தியானம் மூலைக் கடையிலிருந்து பீர் வாளி வரும், கைக்குக் கை மாறிப் போகும். இவர் முறை வரும்போது தலைக்கு மேலே தூக்கி அந்தப் பக்கத்து ஆளிடம் கொடுத்துவிடுகிறார்கள். இதை அவர் என்னிடம் சொல்லவில்லை. மல்ஹர்னின் மனைவி கறிக்கடையில் எனக்குக் கேட்கும்படிச் சொன்னாள். அதோடு விட்டாளா? 'ஏ, வழிய விடுங்கடி. கடிகாரக்காரனோட அக்கா வந்திருக்காங்க, அவங்க நேரம் வீணாப் போயிடும்' என்றாள். கடையே சிரித்தது. நானும் சிரித்துவிட்டு அரைப் பவுண்டு கொழுப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

வருகிற சனிக்கிழமைக்கு அடுத்த சனிக்கிழமை கூட்டம் போடுகிறார்கள். வேலையை நிறுத்துவதா என்று பேசப் போகிறார்கள். அதற்கு நீ வர வேண்டும், ஆம்ப்ரோஸ். அத்தனை பேர் முன்னாலும் நின்று, 'வாக்குக் கொடுத்தது நான், அதை மீறியது கம்பெனி' என்று ஒரு வார்த்தை சொல். அது போதும், அவர் மறுபடியும் தலை நிமிர்ந்து அந்தக் கூடத்துக்குள் நடப்பார். ரயில் செலவு உன்னிடம் இல்லையென்றால் எழுது.

இன்னொன்றும் கேட்க வேண்டும். அன்றைக்கு எங்கள் மேஜையில் அப்படிச் சொன்னபோதே, கூலியைக் குறைப்பார்கள் என்று உனக்குத் தெரியுமா? அவர் இதைக் கேட்கமாட்டார். அதனால் நான் கேட்கிறேன். மறைக்காமல் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். கழுத்துத் துணி இல்லாமல் வெளியே போகாதே.

உன் அக்கா,
வினிஃப்ரெட் டீட்ஸ்


டேட்டன், ஒஹாயோ
அக்டோபர் 11

அன்புள்ள அக்காவுக்கு ஆம்ப்ரோஸ் வணக்கமாக எழுதிக்கொண்டது.

உன் கடிதம் கிடைத்தது. படித்து மிகவும் வருந்தினேன். அத்தானுக்கு இப்படி ஒரு சங்கடம் வரும் என்று யாரும் நினைக்கவில்லை. என் ஆபீஸ் பெரியவரிடம் உடனே பேசினேன். அவர் சொல்வது இதுதான்: நாங்கள் யோசனை சொல்பவர்கள், முடிவு எடுப்பவர்கள் கம்பெனிக்காரர்கள். நாங்கள் கொடுத்த திட்டத்தில் ஒரு பகுதியை வைத்துக்கொண்டு மறு பகுதியை அவர்கள் விட்டுவிட்டால் அதற்கு நாங்கள் எப்படிப் பொறுப்பாக முடியும்? வைத்தியர் மருந்து எழுதித் தருகிறார், நோயாளி பாதியைக் கீழே ஊற்றிவிடுகிறான் என்று அவர் அடிக்கடி சொல்வார்.

கூட்டத்துக்கு வருவது இயலாத காரியம். பிலடெல்பியாவில் செய்த வேலையைக் காட்டித்தான் இங்கே எங்களுக்கு இந்த வேலையே கிடைத்திருக்கிறது. அங்கே போய் நான் தொழிலாளர் பக்கம் நின்று பேசினேன் என்று தெரிந்தால் ஆபீஸில் ஒரு நாள்கூட வைத்திருக்கமாட்டார்கள்.

ஆனால் நான் சும்மா இருக்கவில்லை, அக்கா. அத்தானுக்கு ஒரு வழி செய்திருக்கிறேன். புது ஊர்களில் வேகமாக வேலை செய்து காட்ட எங்களுக்குத் தேர்ந்த ஆள் வேண்டும். அவரை எங்கள் ஆபீஸிலேயே எடுத்துக்கொள்ளச் சம்மதித்திருக்கிறார்கள். இப்போது வாங்குவதைப்போல் இரண்டு மடங்கு சம்பளம், ஓட்டல் செலவு தனி. அந்தக் கூடத்தில் அவமானப்பட்டுக்கொண்டு அவர் ஏன் இருக்க வேண்டும்?

எனக்கும் களைப்பாக இருக்கிறது. எந்த ஊருக்குப் போனாலும் நான் உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றுவிடுகிறது. ராத்திரி ஓட்டலில் பேச ஆளில்லை. லீனாவுக்கு ஒரு ரிப்பன் அனுப்பியிருக்கிறேன். இந்தக் கடிதத்தை வேறு யாரிடமும் காட்ட வேண்டாம்.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
ஆம்ப்ரோஸ் ப்ராஸர்


கென்சிங்டன், பிலடெல்பியா
நவம்பர் 10, ஞாயிறு

அன்புத் தம்பிக்கு,

ரிப்பன் வந்தது. லீனா தலையில் கட்டிக்கொண்டு மாதா கோவிலுக்குப் போனாள். பதில் எழுத இத்தனை நாள் ஆனதற்குக் கோபம் காரணம் இல்லை. கோபப்படவும் தெம்பு வேண்டும் அல்லவா?

நான் கேட்டதற்கு உன் கடிதத்தில் பதில் இருக்கிறதா என்று திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வைத்தியர் இருந்தார், நோயாளி இருந்தான், அது மட்டும் இல்லை. சரி, எனக்குப் புரிந்துவிட்டது.

கூட்டம் நடந்தது. பெண்கள் உள்ளே போகவில்லை. மல்ஹர்னின் மனைவி தன் புருஷன் சொன்னதை எனக்குச் சொன்னாள். இந்தத் தடவை கறிக்கடையில் இல்லை, நம் வீட்டுக்கே வந்து, உட்காராமல், நின்றுகொண்டே சொன்னாள். கூட்டத்தில் ஒருவன் எழுந்து, 'காஸ்பரோட மச்சினன் ஒரு பொய்யன். நம்ம வீட்டுச் சோத்தத் தின்னுட்டு நம்ம வயித்துலயே அடிச்சான். அவன் பேரச் சொல்லி பேப்பர்ல போடணும்' என்று கத்தியிருக்கிறான். எல்லோரும் போடு, போடு என்றார்களாம். அப்போது உன் அத்தான் எழுந்திருக்கிறார். 'அவன் அப்படிச் சொல்லவே இல்லை. பாத்துச் சொல்றேன்னுதான் சொன்னான். நான்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டு உங்ககிட்ட வந்து ஒளறிட்டேன். பேரு போடணும்னா என் பேரப் போடுங்க' என்றாராம்.

ஆம்ப்ரோஸ், அவரோடு வாழ்ந்த இத்தனை வருஷத்தில் அவர் ஒரு பொய் சொல்லி நான் கேட்டதில்லை. சீட்டாட்டத்தில்கூட ஏமாற்றத் தெரியாது, கையில் ராஜா இருந்தால் முகத்தில் தெரிந்துவிடும். மல்ஹர்னுக்கும் தெரிந்துவிட்டது. 'காஸ்பர், பொய் சொல்லத் தெரியாதவன் எதுக்குய்யா இந்த வேலைக்கு வர்றே? காதெல்லாம் செவந்துபோச்சு பாரு, உக்காரு' என்றாராம். சிலர் சிரித்தார்கள். சிலர் அவரை முட்டாள் என்றார்கள். உன் பெயர் எந்தப் பேப்பரிலும் வரவில்லை. ஒஹாயோவில் உனக்கு எந்தத் தொந்தரவும் இருந்திருக்காது.

திங்கட்கிழமை வேலையை நிறுத்தினார்கள். முதலில் லேத்தை நிறுத்தியது அவர். பெல்ட்டைத் தள்ளிவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, கோட்டை எடுத்துக்கொண்டு நடந்தாராம். அவர் பின்னால் மற்றவர்கள் வந்தார்கள். இரண்டு வாரம் எல்லோரும் உருளைக்கிழங்கு சூப்பில் ஓட்டினோம். கடைசியில் கம்பெனி குறைத்த கூலியில் பாதியைத் திருப்பிக் கொடுத்தது. எல்லோரும் உள்ளே போகலாம், ஐந்து பேர் மட்டும் கூடாது என்றது. அந்த ஐந்து பேரில் முதல் பெயர் உன் அத்தானுடையது. மல்ஹர்ன் ஒரு நாள் முழுக்க மேனேஜரோடு சண்டை போட்டுப் பார்த்தார், நடக்கவில்லை. அந்த வேகத்தைக் காட்டிய மனுஷனுக்கு அங்கே வேலை இல்லை, அவர் காட்டிய வேகம் மட்டும் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது. இப்போது ஆற்றங்கரையில் கரி இறக்கப் போகிறார். லேத் பிடித்த கைக்கு மண்வெட்டி பழக்கமில்லை, உள்ளங்கை எல்லாம் கொப்புளம். ராத்திரி நான் பன்றிக்கொழுப்பு தடவிவிடுகிறேன்.

நீ சொன்ன வேலையைப் பற்றியும் அவரிடம் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை, நீ கேட்டுக்கொண்டபடியே. 'எந்த ஊருக்குப் போயி, எவன் அடுப்புல தண்ணி ஊத்தச் சொல்றான்?' என்று கேட்டார். கேட்டுவிட்டு, 'அப்படி எழுதிடாத வின்னி. பையன் மனசு கஷ்டப்படும். இப்ப உடம்பு முடியலேன்னு எழுது' என்றார். நான் இரண்டையும் எழுதிவிட்டேன். எனக்கு அவரைப்போலப் பொய் சொல்ல மனசு பெரிசாக இல்லை.

தெருவில் இப்போது கொஞ்சம் பரவாயில்லை. மல்ஹர்ன் வீட்டிலிருந்து ஒரு ரொட்டி வந்தது. இன்னும் இரண்டு வீட்டுக்காரர்கள் எதிரே வந்தால் அந்தப் பக்கம் கடந்து போகிறார்கள். போகட்டும், அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் வீட்டிலும் கூலி குறைந்துதானே போயிருக்கிறது.

நீ நல்லவன் இல்லை என்று நான் எழுதவில்லை, தம்பி. நீ கெட்டவனாக இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு அலுப்பு இருந்திருக்காது, ஒரே நாளில் தலை முழுகியிருப்பேன். உன் ஆபீஸ் இன்னும் பெரிதாகட்டும், நீயும் பெரிய ஆளாகு. ஊர் ஊராகப் போகிற பிள்ளைக்கு எங்கேயாவது ஓர் ஊரில் வாய்விட்டுப் பேச ஓர் ஆள் கிடைக்கட்டும் என்று தினமும் ஜெபிக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு வா. கதவை அவர்தான் திறப்பார். உன் கோட்டை வாங்கி மாட்டுவார், ரயிலில் கூட்டமா என்று கேட்பார், உனக்குப் பிடித்த துண்டுக் கறியை உன் தட்டில் வைப்பார். அன்றைக்கே உனக்குத் தெரியுமா என்ற அந்த ஒரு விஷயத்தை மட்டும் அவர் சாகும்வரை உன்னிடம் கேட்கமாட்டார். அவர் கேட்கவில்லை என்பதற்காக நீயும் சொல்லாமல் ரயில் ஏறிவிடாதே, ஆம்ப்ரோஸ். கர்த்தர் உனக்கு அந்த அளவு தைரியத்தைக் கொடுக்கட்டும்.

உன் அக்கா,
வின்னி